நீடித்த எடைக்குறைப்பில் தன்படிமமும் நம்பிக்கைகளும்: ஓர் உளவியல் விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்

உடல் எடையைக் குறைப்பவர்களுள் பலர், குறைத்த எடையின் பெரும்பகுதியைச் சில ஆண்டுகளுக்குள் மீண்டும் பெற்றுவிடுகின்றனர். மனவுறுதிக் குறைவே இதற்குக் காரணம் என்னும் கருத்து பரவலாக நிலவுகிறது. எடைக்குறைப்பு நிலைபெறுவதில் தன்படிமமும் நம்பிக்கைகளும் வகிக்கும் பங்கினை உளவியல் ஆய்வுகளின் துணைகொண்டு இக்கட்டுரை விளக்குகிறது. விளைவு எதிர்பார்ப்பு, தன்திறன் நம்பிக்கை, சறுக்கலுக்குத் தரும் பொருள் ஆகிய மூன்றும் தமிழில் ‘நம்பிக்கை’ என்னும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. ஆயினும் அவை வெவ்வேறு விளைவுகளைத் தருவன. உடலை வெறுக்கும் தன்படிமம் எடைக்குறைப்புக்குத் துணைபுரியும் என்னும் எண்ணத்தை ஆய்வுகள் வலியுறுத்தவில்லை என்பதும் இங்கு எடுத்துரைக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: எடைக்குறைப்பு, தன்படிமம், தன்திறன் நம்பிக்கை, விளைவு எதிர்பார்ப்பு, உடற்படிமம், மறுபத்தியம்

1. முன்னுரை

2019–21இல் நடத்தப்பெற்ற ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 40.4 விழுக்காட்டினரும் ஆண்களில் 37 விழுக்காட்டினரும் மிகை எடையோ உடற்பருமனோ உடையவர்கள். 2015–16இல் நடந்த நான்காவது ஆய்வில் இவ்விழுக்காடுகள் முறையே 30.9, 28.2 என இருந்தன. இவ்வளர்ச்சிக்கு ஏற்ப, எடைக்குறைப்பு பற்றிய தமிழ் நூல்களும் இதழ்க் கட்டுரைகளும் பெருகியுள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை எதை உண்பது, எதைத் தவிர்ப்பது என்னும் அளவில் நின்றுவிடுகின்றன. மனத்தைப் பற்றிப் பேசுவனவோ ‘நம்பினால் முடியும்’ என்னும் பொது அறிவுரையோடு அமைகின்றன.

எடையைக் குறைப்பதும் குறைந்த எடையைக் காப்பதும் ஒன்றல்ல. அமெரிக்காவில் இரண்டாம் வகை நீரிழிவு உடைய 5,145 பேரைக் கொண்டு நிகழ்த்தப்பெற்ற ‘லுக் அஹெட்’ என்னும் நெடுங்கால ஆய்வு இதற்குத் தக்க சான்றாகும். தீவிர வாழ்க்கைமுறைப் பயிற்சி பெற்ற பிரிவினர் முதலாண்டில் தம் எடையில் சராசரியாக 8.6 விழுக்காட்டைக் குறைத்தனர். எட்டாம் ஆண்டின் இறுதியில் அக்குறைவு 4.7 விழுக்காடாகச் சுருங்கியிருந்தது. எனினும் அப்பிரிவினருள் ஏறத்தாழப் பாதிப்பேர் 5 விழுக்காடு அல்லது அதற்கு மேற்பட்ட குறைவைக் காத்து நின்றனர். ஒரே பயிற்சியைப் பெற்றவர்களுள் சிலர் நிலைக்கவும் சிலர் பழைய எடைக்குத் திரும்பவும் காரணம் யாது என்னும் வினா இங்கு எழுகிறது. உடலியலும் பொருளாதாரமும் குடும்பச் சூழலும் இவ்வினாவுக்கான விடையில் பங்கு கொள்கின்றன. ஒருவர் தம்மைப் பற்றியும் தம் முயற்சியைப் பற்றியும் கொண்டுள்ள எண்ணங்களும் அவ்விடையின் ஒரு பகுதி என்பதே இக்கட்டுரையின் பொருளாகும்.

2. கலைச்சொல் விளக்கம்

ஒருவர் தம் உள்ளத்தில் தம்மைப் பற்றி வரைந்து வைத்திருக்கும் ஓவியம் தன்படிமம் ஆகும். ‘நான் சோம்பேறி’, ‘எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் இந்த உடல்வாகுதான்’, ‘நான் நாள்தோறும் நடப்பவன்’ என்பன போன்ற கூற்றுகளில் அது வெளிப்படும். தம் உடலின் தோற்றத்தைப் பற்றி ஒருவர் கொண்டுள்ள காட்சியும் உணர்வும் உடற்படிமம் எனப்படும். இது தன்படிமத்தின் ஒரு கூறு.

தன்படிமம் என்னும் கருத்தைப் பொதுமக்களிடையே பரப்பியவர்களுள் நியூயார்க்கைச் சேர்ந்த ஒட்டறுவை மருத்துவர் மேக்ஸ்வெல் மால்ட்ஸ் குறிப்பிடத்தக்கவர். முகத்தின் குறை நீங்கிய பின்னரும் சில நோயாளர் தம்மை அழகற்றவராகவே கருதியதை அவர் கண்டார். புறத்தோற்றம் மாறினாலும் அகத்தோற்றம் தானே மாறிவிடுவதில்லை என்னும் அக்கருத்தை 1960இல் வெளிவந்த ‘சைக்கோ-சைபர்னெட்டிக்ஸ்’ என்னும் நூலில் விளக்கினார். இது மருத்துவப் பட்டறிவின்வழிப் பிறந்த கருத்தேயன்றிச் சோதனையால் நிறுவப்பட்ட முடிவு அன்று. ஆயினும் பின்வந்த உடற்படிம ஆய்வுகள் இதற்கு இணையான செய்திகளைத் தந்துள்ளன.

அடுத்து, ‘நம்பிக்கை’ என்னும் சொல். ஒன்றை உண்மையெனக் கொள்ளுதல், நல்லது நிகழும் என எதிர்பார்த்தல், ஒருவர்மீது பற்றுறுதி கொள்ளுதல், தம் ஆற்றலில் உறுதி கொள்ளுதல் ஆகிய அனைத்தையும் தமிழில் இச்சொல் சுட்டும். உளவியலில் இவை தனித்தனியே அளக்கப்படுகின்றன. ஆல்பர்ட் பண்டூரா 1977இல் வெளியிட்ட கட்டுரையில் இரண்டை வேறுபடுத்தினார். ஒரு செயல் குறிப்பிட்ட பயனைத் தரும் என்னும் எண்ணம் விளைவு எதிர்பார்ப்பு. அச்செயலைத் தம்மால் செய்ய இயலும் என்னும் உறுதி தன்திறன் நம்பிக்கை. ‘நடைப்பயிற்சியால் எடை குறையும்’ என்பது முன்னது. ‘மழைக்காலத்திலும் என்னால் நடைப்பயிற்சியை விடாது செய்ய முடியும்’ என்பது பின்னது. முன்னதை முழுமையாக ஏற்றுக்கொண்ட ஒருவர் பின்னது இல்லாமையால் நடக்கத் தொடங்காமலே இருக்கக்கூடும். தன்திறன் நம்பிக்கை தன்மதிப்பினின்றும் வேறானது. தம்மைப் பெரிதும் மதிக்கும் ஒருவருக்கும் இரவு உணவைக் குறைப்பதில் தன்திறன் நம்பிக்கை இல்லாதிருக்கலாம்.

3. நம்பிக்கையின் எல்லை: உடலியல் சான்றுகள்

மனத்தின் பங்கை ஆராயுமுன் உடலின் பங்கை வரையறுப்பது இன்றியமையாதது. இல்லையேல் எடை மீள்வதற்கான பொறுப்பு முழுவதும் தனிமனிதரின் எண்ணத்தின்மீது சுமத்தப்பட்டுவிடும்.

அமெரிக்காவின் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் 1944–45இல் நிகழ்த்திய அரைப்பட்டினி ஆய்வில் 36 இளைஞர்கள் பங்கேற்றனர். உடல்நலமும் மனநலமும் நன்கு அமைந்தவர்களே தேர்ந்தெடுக்கப்பட்டனர். 24 வாரக் குறையுணவுக் காலத்தில் அவர்கள் தம் எடையில் ஏறத்தாழக் கால் பங்கை இழந்தனர். அக்காலத்தில் உணவைப் பற்றிய எண்ணமே அவர்களை ஆட்கொண்டது. சிலர் சமையல் நூல்களைத் தேடிப் படித்தனர். கட்டுப்பாடு நீங்கியதும் பலர் மிகுதியாக உண்டனர். வயிறு நிறைந்த பின்னும் பசி தீரவில்லை என்றனர். எடையைப் பற்றி எவ்விதக் கவலையும் இல்லாதிருந்தவர்களிடத்தே இம்மாற்றங்கள் தோன்றின என்பது கருதத்தக்கது. உணவின்மீது இடையறாது செல்லும் நினைப்பு மனவலிமை இன்மையின் அடையாளம் அன்று, பற்றாக்குறைக்கு உடல் தரும் மறுமொழி என்பது இதனால் பெறப்படும்.

ஆஸ்திரேலியாவில் பிரியா சுமித்ரனும் உடனாய்வாளரும் 2011இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு இயக்குநீர் அடிப்படையை வழங்கியது. பத்து வாரக் குறையாற்றல் உணவால் எடை குறைந்தவர்களிடம் பசியைத் தூண்டும் கிரெலின் உயர்ந்தும், உடற்கொழுப்பின் அளவை மூளைக்கு உணர்த்தும் லெப்டின் குறைந்தும் காணப்பட்டன. எடை குறையத் தொடங்கி ஓராண்டு கடந்த பின்னரும் இம்மாற்றங்கள் முழுமையாக நீங்கவில்லை.

நம்பிக்கை மட்டுமே எடையைக் குறைக்குமா என்பதும் ஆராயப்பட்டுள்ளது. ஆலியா கிரம், எலன் லாங்கர் ஆகியோர் 2007இல் வெளியிட்ட ஆய்வில் ஏழு தங்கும் விடுதிகளின் அறைத் தூய்மைப் பணியாளர் 84 பேர் இடம்பெற்றனர். அவர்கள் செய்யும் பணியே நல்ல உடற்பயிற்சி என ஒரு பிரிவினருக்கு எடுத்துரைக்கப்பட்டது. நான்கு வாரங்களில் அப்பிரிவினரின் எடை சராசரியாக ஒரு கிலோ அளவில் குறைந்தது. இம்முடிவு பெரிதும் பேசப்பட்டது. ஆனால் பின்னர் இதனையொத்து நடத்தப்பெற்ற மற்றோர் ஆய்வில் அத்தகைய பயன் காணப்படவில்லை. ஆகவே ‘எண்ணமே எடையைக் குறைக்கும்’ என்னும் முடிவுக்கு இடமில்லை. எண்ணம் செயலின் வழியாகவே எடையைத் தொடுகிறது எனக் கொள்வதே பொருத்தம்.

4. விளைவு எதிர்பார்ப்பு

கேரி ஃபாஸ்டர் குழுவினர் 1997இல் வெளியிட்ட ஆய்வில், உடற்பருமன் உடைய பெண்கள் 60 பேரிடம் அவர்கள் விரும்பும் எடை யாது எனக் கேட்கப்பட்டது. தம் உடல் எடையில் சராசரியாக 32 விழுக்காட்டைக் குறைப்பதே அவர்களின் இலக்காக இருந்தது. ‘இவ்வளவு மட்டும் குறைந்தால் ஏமாற்றமே’ எனக் கருதத்தக்க எடையையும் அவர்கள் முன்னதாகவே குறித்தனர். 48 வாரச் சிகிச்சையின் முடிவில் சராசரியாக 16 கிலோ எடை குறைந்தது. மருத்துவ நோக்கில் இது பெருவெற்றி. ஆனால் 47 விழுக்காட்டினர் அந்த ‘ஏமாற்ற எடை’யைக்கூட எட்டவில்லை. உடல் பயன்பெற்ற நிலையிலும் மனம் தோல்வியையே பதிவு செய்தது.

இதன் விளைவை இத்தாலியில் 23 மருத்துவ நிலையங்களில் நடத்தப்பெற்ற ஆய்வொன்று காட்டுகிறது. தொடக்கத்தில் மிகுதியான எடைக்குறைவை எதிர்பார்த்தவர்களே ஓராண்டுக்குள் சிகிச்சையினின்று விலகும் வாய்ப்பு மிக்கவர்களாக இருந்தனர். ஜேனட் பொலிவி, பீட்டர் ஹெர்மன் ஆகியோர் இதனைப் ‘பொய்ந்நம்பிக்கை’ எனப் பெயரிட்டு விளக்கினர். மாற்றம் விரைவாகவும் எளிதாகவும் பெரிதாகவும் நிகழும், அதனால் வாழ்வின் பிற குறைகளும் நீங்கும் என எண்ணி முயற்சி தொடங்கப்படுகிறது. எதிர்பார்த்தது நிகழாதபோது முயற்சி கைவிடப்படுகிறது. பின்னர், போதிய அளவு முயலாததே குறை எனத் தம்மைத் தாமே நொந்துகொண்டு, முன்னினும் பெரிய உறுதிமொழியுடன் அடுத்த முயற்சி தொடங்குகிறது. இச்சுழற்சியில் நம்பிக்கைக்குப் பஞ்சமில்லை. அது விளைவின்மீது மிகுதியாகவும் நாள்தோறும் செய்யும் செயலின்மீது குறைவாகவும் வைக்கப்படுவதே சிக்கல்.

5. சறுக்கலுக்குத் தரும் பொருள்

ஹெர்மன், மேக் ஆகியோர் 1975இல் வெளியிட்ட ஆய்வில், மாணவியருள் சிலருக்கு முதலில் மில்க்ஷேக் வழங்கப்பட்டது. பின்னர் அனைவருக்கும் பனிக்கூழைச் சுவைத்து மதிப்பிடும் பணி தரப்பட்டது. உணவுக் கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள், முன்னர் மில்க்ஷேக் அருந்தியிருந்தால் பனிக்கூழைக் குறைவாக உண்டனர். கட்டுப்பாட்டில் இருந்தவர்களோ மில்க்ஷேக் அருந்திய பின் மிகுதியாக உண்டனர். ‘கட்டுப்பாடு குலைந்துவிட்டது, இனி எவ்வளவு உண்டால் என்ன’ என்னும் எண்ணமே இதற்கு அடிப்படை என விளக்கப்பட்டது. 1976இல் பொலிவி வெளியிட்ட ஆய்வு இதனை மேலும் தெளிவாக்கியது. முன்னுணவில் ஆற்றல் மிகுதி என நம்பியதே கட்டுப்பாட்டாளரை மிகுதியாக உண்ணச் செய்தது. அதில் உண்மையில் எவ்வளவு ஆற்றல் இருந்தது என்பது அன்று.

மதுப்பழக்கத்தினின்று மீள்வோரை ஆராய்ந்த ஆலன் மார்லட், சறுக்கலையும் வீழ்ச்சியையும் வேறுபடுத்தினார். ஒருமுறை தவறுவது சறுக்கல். பழைய நிலைக்கே திரும்புவது வீழ்ச்சி. சறுக்கலை ‘என் இயல்பே இதுதான்’ எனப் பொருள்கொண்டால் அது வீழ்ச்சியாகும் வாய்ப்பு மிகுகிறது. ‘பயணத்தில் வேறு உணவு கிடைக்கவில்லை’ எனச் சூழலோடு பொருத்திக் கண்டால் அடுத்த வேளையிலேயே பழக்கத்துக்குத் திரும்புதல் எளிதாகிறது. நிகழ்ந்த தவறு ஒன்றே. அது தன்படிமத்தின்மீது எழுதப்படுகிறதா, சூழலின்மீது எழுதப்படுகிறதா என்பதே வேறுபாடு.

தமிழ் வழக்கில் எடைக்குறைப்பு பலவேளைகளில் விரதத்தின் மொழியில் பேசப்படுகிறது. விரதத்துக்குத் தொடங்கும் நாளும் முடிக்கும் நாளும் உண்டு. இடையில் ஒரு கவளம் உண்டாலும் அது முறிந்ததாகும். சமய ஒழுகலாற்றில் இதற்குத் தனிப்பொருள் உண்டு. அதே அளவுகோலை அன்றாட உணவுக்குப் பொருத்தும்போது, ஓர் இனிப்புத் துண்டு ஒருநாள் முயற்சி முழுவதையும் முறித்துவிட்டதாகத் தோன்றுகிறது. மேற்கண்ட ஆய்வுகள் சுட்டும் மனநிலைக்கு இச்சொல்லாட்சி வழிகோலுகிறது எனலாம்.

6. தன்திறன் நம்பிக்கை

தன்திறன் நம்பிக்கை நான்கு வழிகளில் உருவாகும் என்பது பண்டூராவின் கருத்து. தாமே செய்து வென்ற பட்டறிவு, தம்மை ஒத்தவர் செய்வதைக் காணல், பிறர் தரும் ஊக்கச்சொல், உடல் மன நிலைகளைப் புரிந்துகொள்ளும் முறை என்பன அவை. இவற்றுள் முதலாவதே வலிமை மிக்கது. ‘உன்னால் முடியும்’ என நூறுமுறை கேட்பதைவிட, பத்து நாள் இடைவிடாமல் அரைமணி நேரம் நடந்தமை உறுதியான நம்பிக்கையைத் தரும். ஊக்கச்சொல்லை முதன்மையாகக் கொண்ட தன்னம்பிக்கை எழுத்துகளின் பயன் விரைவில் தேய்வதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

எடைக்குறைவை நீண்டகாலம் காத்தவர்களைப் பற்றிய செய்திகளை, ரீனா விங், ஜேம்ஸ் ஹில் ஆகியோர் 1994இல் அமெரிக்காவில் தொடங்கிய தேசிய எடைக்கட்டுப்பாட்டுப் பதிவேடு திரட்டி வருகிறது. ஏறத்தாழ 13.6 கிலோ எடையைக் குறைத்து ஓராண்டேனும் காத்தவர்களே இதில் சேரத் தகுதியுடையவர்கள். நாள்தோறும் ஏறத்தாழ ஒருமணி நேர உடலுழைப்பு, காலை உணவைத் தவிர்க்காமை, அடிக்கடி எடை பார்த்தல், வார நாள்களிலும் விடுமுறை நாள்களிலும் ஒரேவகை உணவு ஒழுங்கு ஆகியன இவர்களிடம் பரவலாகக் காணப்பட்டன. இரண்டு முதல் ஐந்து ஆண்டுகள் காத்தவர்களுக்குத் தொடர்ந்து காத்தல் எளிதாகிறது என்பதும் அறியப்பட்டது. இவர்கள் தாமாக முன்வந்து பதிந்தவர்கள். ஆகவே இப்பழக்கங்களே வெற்றிக்குக் காரணம் என இதனைக்கொண்டு மட்டும் நிறுவ இயலாது. ஆயினும் செயல் நெடுநாள் தொடரும்போது அது முயற்சி என்னும் நிலையைக் கடந்து இயல்பாகிவிடுகிறது என்பதை இப்பதிவேடு உணர்த்துகிறது. ‘எடை குறைக்க முயல்பவர்’ என்னும் தன்படிமம் ‘இவ்வாறு வாழ்பவர்’ என மாறும் இடம் இதுவே.

7. உடலை வெறுத்தல் உதவுமா?

தன் உடலின்மீது அதிருப்தி இருந்தால்தான் எடை குறைக்கும் உந்துதல் பிறக்கும் என்பது பொதுவான எண்ணம். தொடக்கத்துக்கு அது தூண்டுதலாக அமையக்கூடும். நிலைபேற்றுக்கு அது உதவுகிறதா என்பதே வினா.

பெட்ரோ டெய்ஷேரா குழுவினர் போர்ச்சுகலில் இருநூற்றுக்கும் மேற்பட்ட பெண்களிடம் ஓராண்டுப் பயிற்சியும் அதன்பின் ஈராண்டுத் தொடர் கண்காணிப்பும் கொண்ட ஆய்வை மேற்கொண்டனர். உடற்படிமத்தை மேம்படுத்துவது அப்பயிற்சியின் ஒரு கூறாக இருந்தது. தோற்றத்தைப் பற்றிய ஓயாத கவலை குறைந்த பெண்களிடம் உணவு ஒழுங்கும் மேம்பட்டது. பிறர் வற்புறுத்தலுக்காகவோ குற்றவுணர்வாலோ அன்றி, தம் விருப்பத்தால் உடற்பயிற்சி செய்தவர்களே மூன்றாம் ஆண்டிலும் எடைக்குறைவைச் சிறப்பாகக் காத்தனர்.

பிறரின் இழிவுரை எத்தகைய விளைவைத் தரும் என்பதை ஏஞ்சலினா சுட்டின், அந்தோணியோ டெராச்சியானோ ஆகியோர் 2013இல் வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது. 6,157 அமெரிக்கர்களை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து நோக்கியதில், தொடக்கத்தில் உடற்பருமன் இல்லாதவர்களுள் எடையின் பொருட்டு இழிவாக நடத்தப்பட்டதாகக் கூறியவர்கள் பின்னர் உடற்பருமன் அடையும் வாய்ப்பு ஏறத்தாழ 2.5 மடங்கு மிகுந்திருந்தது. கேலியும் கண்டிப்பும் எடையைக் குறைக்கத் தூண்டும் என்னும் கருத்துக்கு இம்முடிவு எதிரானது. எடை குறைந்த பின்னரும் பழைய உடற்படிமம் எஞ்சி நிற்கக்கூடும் என்பதைத் தாமஸ் கேஷும் உடனாய்வாளரும் 1990இல் சுட்டினர். முன்னர்ப் பருமனாக இருந்து எடை குறைந்த பெண்கள், தோற்றம் குறித்த அதிருப்தியில் அப்போதும் பருமனாக இருந்தவர்களை ஒத்திருந்தனர். மால்ட்ஸின் பட்டறிவோடு இது பொருந்துகிறது.

8. தமிழ்ச் சூழலில் தன்படிமம்

மேற்கண்ட ஆய்வுகள் பெரும்பாலும் மேலைநாடுகளில் நிகழ்ந்தவை. தமிழ்ச் சூழலில் தன்படிமம் தனிமனிதருக்குள் மட்டும் உருவாவதில்லை. உறவுகளின் சொற்களாலும் உருவாகிறது. ‘ஏன் இப்படி இளைத்துவிட்டாய்?’ என்பது அன்பின் வினா. அரும்பாடுபட்டு எடையைக் குறைத்த ஒருவருக்கு அதுவே நோயுற்றவர் என்னும் படிமத்தைத் தரக்கூடும். ‘பூசினாற்போல் இருக்கிறாள்’ என்பது பாராட்டு. ‘குண்டு’ என்பது பட்டப்பெயராகி வாழ்நாள் முழுதும் ஒட்டிக்கொள்ளும் சொல். விருந்தில் இன்னும் ஒரு கரண்டியை மறுப்பது விருந்தளிப்பவரை மறுப்பதாகக் கொள்ளப்படுகிறது. பாத்திரத்தில் மீந்ததை வீணாக்கக் கூடாது என்று தாமே உண்டு முடிக்கும் தாயின் உணவளவைப் பசி வரையறுப்பதில்லை. நல்ல இல்லத்தலைவி என்னும் தன்படிமம் வரையறுக்கிறது. அவரிடம் மனவுறுதி கொள்ளுமாறு மட்டும் கூறுவது, அவரது நற்பண்பையே கைவிடுமாறு கூறுவதாக அமைந்துவிடும். அளவறிந்து சமைப்பதும் நல்ல இல்லறத்தின் பகுதியே என்னும் வகையில் அப்படிமத்தை விரிப்பதே இயலக்கூடியது.

இதற்குரிய கருத்தாக்கங்கள் தமிழ் மரபில் உள்ளன. திருக்குறளின் 95ஆம் அதிகாரமான ‘மருந்து’, மருந்துப்பொருள்களைக் காட்டிலும் செரிமானத்தையும் அளவறிந்து உண்ணலையுமே மிகுதியாகப் பேசுகிறது. அங்கு வலியுறுத்தப்படுவது அறிதல். தன்னை ஒறுத்தல் அன்று. சித்த மருத்துவ வழக்கில் உள்ள ‘மறுபத்தியம்’ என்னும் சொல்லும் இங்கு நினைக்கத்தக்கது. மருந்துண்டு முடித்த பின்னரும் கடைப்பிடிக்க வேண்டிய உணவு ஒழுங்கை அது குறிக்கும். மருத்துவம் முடிந்த நாளோடு ஒழுங்கு முடிவதில்லை என்னும் புரிதல் இச்சொல்லில் அடங்கியுள்ளது. எடைக்குறைப்புக்குப் பிந்தைய காப்புக் காலத்தைக் குறிக்க இதனைக் கலைச்சொல்லாகப் பயன்படுத்தலாம். விரதம் என்னும் சொல்லைவிட இது அக்காலத்தின் இயல்புக்கு நெருக்கமானது.

9. முடிவுரை

இதுவரை கண்டவற்றால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

• எடை மீள்வதில் உடலியல் காரணங்கள் வலிமையானவை. அவற்றை மனவுறுதிக் குறைவு எனக் கருதுவது தவறான தன்படிமத்துக்கு வழிவகுக்கும்.

• விளைவின்மீது வைக்கும் மிகையான எதிர்பார்ப்பு முயற்சியைக் கைவிடச் செய்யும். செய்து பழகிய செயலால் வளரும் தன்திறன் நம்பிக்கையே முயற்சியைத் தொடரச் செய்யும்.

• சறுக்கலை இயல்பின் குறையாகக் கொள்ளாமல் சூழலின் நிகழ்வாகக் கொள்பவர் பழக்கத்துக்கு எளிதில் திரும்புகிறார்.

• உடலை வெறுத்தலும் பிறரால் இழிவுபடுத்தப்படுதலும் நீடித்த எடைக்குறைப்புக்குத் துணைபுரிவதாக ஆய்வுகள் காட்டவில்லை.

• தமிழில் உடல்நல நூல்கள் எழுதுவோர் ‘நம்பிக்கை’ என்னும் பொதுச்சொல்லோடு நில்லாமல், எதன்மீது வைக்கும் நம்பிக்கை எனத் தெளிவுபடுத்துதல் வேண்டும்.

‘நம்பினால் முடியும்’ என்று சொல்லி ஒருவரை அனுப்பும்போது, முடியாமற்போனால் அவர் நம்பவில்லை என்னும் குற்றச்சாட்டையும் உடன் சேர்த்தே அனுப்புகிறோம். அச்சுமையை நீக்கி, இன்று செய்யத்தக்க சிறு செயலொன்றைக் காட்டுவது பயன்மிக்கது. உறவுமொழியும் விருந்தோம்பலும் உடற்படிமத்தை எவ்வாறு வடிவமைக்கின்றன என்பதைத் தமிழ்க் குடும்பங்களில் கள ஆய்வின்வழி அறிதல் அடுத்த நிலையில் மேற்கொள்ளத்தக்க பணியாகும்.